கிளை நூலகத்தில் வாசகர் வட்ட நிகழ்ச்சி: ஆள் வர என்ன செய்யலாம்?

வடவாறு:

எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடிப் பக்கம் ஒரு சின்ன ஊர். கிளை நூலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். "எதிரிலேயேதானே இருக்கிறீர்கள்" என்று சொல்லி ஜூன் மாதம் என்னை வாசகர் வட்டச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு இப்போது முழிக்கிறேன்.

போன மாதம் முதல் கூட்டம் போட்டோம். தலைப்பு "இலக்கியமும் வாழ்வியலும்". அழைப்பிதழில் 9 பெயர். வந்தது மொத்தம் 14 பேர். அந்த 9 பேரைக் கழித்தால் 5. அதில் ஒருவர் மைக் செட்காரர், ஒருவர் படம் எடுக்க வந்த பையன், ஒருத்தி நான். பொன்னாடை போர்த்தி முடிக்கவே முக்கால் மணி நேரம் ஆனது. 40 பேருக்கு வாங்கிய சுண்டலைக் கடைசியில் பக்கத்துத் தையல் கடைக்குக் கொடுத்தேன்.

மாதம் ஒன்றாவது உருப்படியாக நடத்த ஆசை. ஒரே ஹால்தான், நூலகர் ஒருவர்தான், கையில் காசு கிடையாது. எங்கிருந்து தொடங்குவது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

முன்னாள் நூலகர்:

வணக்கம் அம்மா. 31 வருடம் ஊர்ப்புற நூலகம், கிளை நூலகம், மாவட்ட மைய நூலகம் என்று எல்லா மேசையிலும் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் சொன்ன சுண்டலை நானும் நிறையச் சாப்பிட்டிருக்கிறேன்.

எல்லோரும் செய்கிற தவறு, தலைப்பை முதலில் பிடிப்பது. தலைப்பு, அப்புறம் பேச்சாளர், அப்புறம் தேதி, கடைசியில்தான் யார் வருவார்கள் என்ற யோசனை. இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். ஒரு வாரம் தினமும் நூலகத்தில் போய் உட்கார்ந்து, எத்தனை மணிக்கு யார் வருகிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள், எதற்கு வந்தார்கள் என்று ஒரு நோட்டில் குறியுங்கள். வருகைப் பதிவேட்டை நம்பாதீர்கள். அதில் கையெழுத்துப் போடாமல் போகிறவர்கள்தான் பாதிப் பேர். குழந்தைகள் பெயர் அதில் ஏறவே ஏறாது.

கூடவே, உள்ளே வராமல் வாசலோடு போகிறவர்கள் யார் என்றும் பாருங்கள். கடை எதிரிலேயே இருப்பது உங்களுக்கு வரம்.

உங்கள் ஊர்ப் பக்கத்துக்கு ஒரு பெருமை உண்டு, தெரியுமா? 1931ல் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி மன்னார்குடியைச் சுற்றியுள்ள ஊர்களுக்குக் கொண்டுபோனார். நடமாடும் நூலகம் என்று நாம் இன்று சொல்வதற்கு அந்த வண்டிதான் முன்னோடி. நூலகத்துக்கு ஆள் வரவில்லையே என்று அவர் கூட்டம் போட்டுப் புலம்பவில்லை, மாட்டைப் பூட்டிவிட்டார்.

குரூப் 4 மூன்றாம் முறை:

அக்கா, எதிர்த்தரப்பிலிருந்து ஒரு வேண்டுகோள். தயவுசெய்து மைக் வைக்காதீர்கள்.

எங்கள் ஊர் நூலகத்தில் காலை 9 மணிக்கு வந்தால் சாயங்காலம் வரை இருக்கிற ஆட்கள் நாங்கள்தான், போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள். வீட்டில் இடம் கிடையாது, கோச்சிங் சேரக் காசு கிடையாது. போன நூலக வார விழாவில் 3 நாள் எங்கள் நாற்காலிகளை எடுத்து மேடைக்கு முன் போட்டுவிட்டு, "தம்பிகளா, நீங்களும் உட்காருங்கள், கூட்டம் நிறைவாகத் தெரியும்" என்றார்கள். தேர்வுக்கு 2 வாரம் இருந்தது. திருக்குறள் பற்றி ஒரு மணி நேரம் கேட்டேன். அதிலிருந்து ஒரு கேள்விகூட வரவில்லை.

தேன்தமிழ்த் தொண்டன்:

மேலே உள்ள தம்பிக்கு: நூலகம் கோச்சிங் சென்டர் அல்ல. சொந்தப் புத்தகத்தைப் பையில் கொண்டுவந்து நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறீர்கள், அலமாரிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இலக்கியக் கூட்டம் நடக்கும் ஒரு மணி நேரம் வெளியே மரத்தடியில் படித்தால் என்ன?

செயலாளர் அம்மாவுக்கு: ஆள் குறைவு என்று தரத்தைக் குறைக்காதீர்கள். ஓவியப் போட்டி, மாறுவேடப் போட்டி என்று இறங்கினால் கூட்டம் வரும், வாசிப்பு வராது. 14 பேர் போதும்.

குரூப் 4 மூன்றாம் முறை:

ஐயா, எங்கள் நூலக வாசலில் மரம் இல்லை. டிரான்ஸ்ஃபார்மர்தான் இருக்கிறது.

ரெண்டு பிள்ளை அம்மா:

😀 அந்தத் தம்பிக்கு என் ஓட்டு.

நான் தஞ்சாவூர்ப் பக்கம். பெண்கள் ஏன் வருவதில்லை என்று எல்லா வாசகர் வட்டத்திலும் கேட்கிறார்கள், யாரும் எங்களைக் கேட்பதில்லை. கேட்டால் ஒரே வார்த்தையில் சொல்லுவேன்: கழிப்பறை. எங்கள் ஊர் நூலகத்தில் இருந்தது, பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று கேட்கவே கூச்சம். 4 வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அங்கே எவ்வளவு நேரம் உட்கார முடியும்? பேச்சாளருக்குப் பொன்னாடை வாங்குகிற காசில் ஒரு பக்கெட், ஒரு மக், ஒரு தாழ்ப்பாள் வாங்கலாம்.

இரண்டாவது நேரம். மாலை 6 மணிக் கூட்டம் என்றால் எங்களுக்கு அது இட்லிக்கு ஊறப்போட்டதை அரைக்கிற நேரம், பிள்ளைகளுக்கு வீட்டுப்பாட நேரம். ஞாயிறு காலை என்றால் கறி எடுக்கிற நேரம். சனிக்கிழமை பத்தரை மணி என்று வைத்துப் பாருங்கள். அந்த ஒரு மணி நேரம் எங்களுக்குக் கிடைக்கும். வெள்ளிக்கிழமை எங்கள் பக்கம் நூலகமே விடுமுறை. இது தெரியாமல் பள்ளிவிட்டு வந்து பூட்டைப் பார்த்துத் திரும்புகிற பிள்ளைகள் எத்தனையோ.

மூன்றாவது, பிள்ளைகளுக்கு நடத்துங்கள், ஆனால் போட்டி வேண்டாம். போட்டி என்றால் பரிசு வாங்குகிற 3 பிள்ளைகளின் அம்மாக்கள் மட்டும் அடுத்த முறை வருவார்கள். கதை சொல்லுங்கள், போதும்.

நாவற்குழி:

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கட பக்கம் நூலகங்கள் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபைகளின் கையில். ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். அந்த மாதம் பூராவும் கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டி, கண்காட்சி என்று நூலகம் கல்யாண வீடு மாதிரி இருக்கும். நவம்பர் பிறந்தால் பழையபடி பேப்பர் பார்க்கிற ஐயாமார் மட்டும்தான். உங்கட நூலக வாரக் கதையும் அதுவே போல.

ஆனால் ஊருக்குள்ளே உண்மையில் ஆட்களைச் சேர்த்தது சனசமூக நிலையங்கள்தான். ஒரு சின்ன மண்டபம், ரெண்டு வாங்கு (பெஞ்ச்), பத்திரிகை, பின்னால் விளையாட்டு மைதானம். கரப்பந்து விளையாட வருகிற பெடியள் தண்ணி குடிக்க உள்ளே வந்து பத்திரிகையைப் புரட்டுவார்கள். முன்பள்ளியும் அங்கேயே நடக்கும், அம்மாமார் பிள்ளையை விட்டுவிட்டு அப்படியே நின்று கதைப்பார்கள். தனியாக நிகழ்ச்சி என்று ஒன்றும் தேவைப்படவில்லை. ஆட்கள் ஏற்கெனவே வருகிற இடத்தில் வாசிப்பை வைத்தார்கள்.

1981ல் எரிந்த எங்கட பொது நூலகத்தைப் பற்றி உலகமே பேசும், பேசத்தான் வேணும். இந்தச் சின்ன வாசிகசாலைகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பது என் கவலை.

பாலக்காட்டு எல்லை:

நாவற்குழி சொன்னது எங்கள் பக்கத்துக்கும் பொருந்தும். கேரளத்தில் பெரும்பாலான ஊர் நூலகங்கள் அரசுத் துறை நடத்துபவை அல்ல. ஊர்க்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து தொடங்கி, லைப்ரரி கவுன்சிலில் இணைத்துக்கொண்டு, மானியம் வாங்கி நடத்துபவை. 1945ல் பி. என். பணிக்கர் ஊர் நூலகங்களை ஒன்றுசேர்த்துச் சங்கம் அமைத்ததிலிருந்து வந்த வழக்கம். அவர் நினைவு நாளான ஜூன் 19ஐ வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறோம். கமிட்டி தேர்தலில் சண்டை, கட்சி, கோபதாபம் எல்லாம் உண்டு. ஆனால் நூலகம் "நம்முடையது" என்ற நினைப்பும் உண்டு. நூலகத்திலிருந்து பெண்கள் பையில் புத்தகம் எடுத்துப்போய் வீடு வீடாகக் கொடுத்து மாற்றி வாங்குகிற ஏற்பாடும் இருக்கிறது. என் அம்மா நூலகத்துக்குள் கால் வைத்ததே கிடையாது, தொடர்ந்து வாசிக்கிறாள்.

தமிழ்நாட்டில் நூலகம் அரசாங்கத்தினுடையது. அதனால் ஊர்க்காரர் உள்ளே நுழைய இருக்கிற ஒரே கதவு இந்த வாசகர் வட்டம். அதைப் பேச்சாளர் மேடையாக மட்டும் வைத்திருப்பது எனக்கு ஆச்சரியம்தான்.

முன்னாள் நூலகர்:

பாலக்காட்டுக்காரர் சொன்னது சரி, ஒரு திருத்தத்தோடு. பணமும் ஊர்க்காரருடையதுதான். 1948ல், அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்தபோது, அன்றைய சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் முதல் நூலகச் சட்டம் அதுதான். அதற்காகப் பல வருடம் அலைந்தவர் நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன். நீங்கள் கட்டுகிற சொத்து வரியோடு நூலக வரி என்று ரூபாய்க்கு 10 காசு சேர்கிறதே, அது அந்தச் சட்டத்திலிருந்து வருவது. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அந்தக் காசு உள்ளாட்சி மூலமாக மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போய்ச் சேர வேண்டும். ஆகவே, வாசலில் நின்று தயங்குகிறவர்களிடம் "வரி கட்டியிருக்கிறீர்கள், வாருங்கள்" என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஆனால் கிளை நூலகர் கையில் விழாச் செலவுக்குக் காசு இருக்காது. இதுதான் நடைமுறை. அதனால்தான் அவர் பேச்சாளரைத் தேடாமல், செலவை ஏற்கிற புரவலரைத் தேடுகிறார். 1000 ரூபாய் கொடுத்துப் புரவலர் ஆனவருக்கு மேடையில் ஓர் இடம், ஒரு பொன்னாடை. இப்படித்தான் அழைப்பிதழில் 9 பெயர் ஏறுகிறது. நூலகரைக் குறை சொல்லாதீர்கள். புத்தகம் கொடுப்பது, வாங்குவது, பத்திரிகை அடுக்குவது, மாத அறிக்கை எழுதுவது, கூட்டுவது வரை பல ஊரில் அவர் ஒருவர்தான்.

செலவில்லாத நிகழ்ச்சியைக் கையில் கொண்டுபோனால் எந்த நூலகரும் மறுக்க மாட்டார். எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள்: தேதி, நேரம், யார் நடத்துவது, முடிந்ததும் இடத்தைச் சுத்தம் செய்வது யார். கட்சி இல்லை, மதம் இல்லை, விற்பனை இல்லை என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அவர் மேலிடத்துக்கு அதைக் காட்டிக்கொள்ள முடியும்.

அங் மோ கியோ வாசகி:

சிங்கப்பூரிலிருந்து. இங்கே வட்டார நூலகங்களில் தமிழ்க் கதை நேரம் நடக்கும். என் மகளை 4 வயதிலிருந்து கூட்டிப்போனேன். இணையத்தில் முன்பதிவு, வயது வரம்பு, அரை மணி நேரம், கடைசியில் காகிதத்தில் ஒரு கைவேலை. பிள்ளை வீட்டுக்குக் கிளம்பும்போது அந்தக் கதையோடு தொடர்புள்ள 10, 15 புத்தகங்கள் வாசல் பக்கம் தட்டில் இருக்கும். எடுத்துக்கொண்டு போகலாம். இந்தக் கடைசி விஷயத்துக்குக் காசே வேண்டாம் என்பதால் சொல்கிறேன்.

தேன்தமிழ்த் தொண்டன்:

சிங்கப்பூர் நூலகத்தில் ஏசி இருக்கும் அம்மா. இங்கே ஃபேன் ஓடினால் பேப்பர் பறக்கிறது என்று அணைத்துவிடுகிறார்கள்.

அங் மோ கியோ வாசகி:

ஏசி இருந்தும் முன்பதிவு செய்த பலர் வராமல் போவார்கள் ஐயா, குறிப்பாக மழை பெய்தால். கதை சொல்கிறவர் வந்த 6 பிள்ளைகளுக்கும் முழுக்கதையும் சொல்வார். அடுத்த வாரமும் அதே நேரம், அதே இடம், அதே ஆள். நாங்கள் திரும்பத் திரும்பப் போனதற்கு அதுதான் காரணம். நிகழ்ச்சி ஒவ்வொரு முறையும் புதிதாக இருந்ததால் அல்ல.

கோட்டூர்புரம் பஸ்:

சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் "பொன்மாலைப் பொழுது" என்று சனிக்கிழமை மாலைகளில் நடக்கிறது. வாரத்தில் அந்த நேரம் என்று மனதில் பதிந்துபோனதுதான் அதன் பலம். யார் பேசுகிறார் என்று பார்க்காமலே கிளம்பிப் போயிருக்கிறேன். மதுரையிலும் 2023ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்று தனிப்பகுதியே இருக்கிறது.

வடவாறு:

அண்ணா, எங்களுக்கு மொத்தமே ஒரு தளம்தான், அதிலும் மழைக்கு வடக்கு மூலை ஒழுகும். 😀

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஐயா சொன்னபடி 6 நாள் நோட்டுப் போட்டேன். கடையைத் தங்கையிடம் விட்டுவிட்டு உள்ளேயே உட்கார்ந்தேன்.

காலை 9லிருந்து 11 வரை பத்திரிகை படிக்கிற பெரியவர்கள், தினமும் 15லிருந்து 20 பேர். எல்லோரும் ஒரே தினசரிக்குக் காத்திருக்கிறார்கள், அதைத் தாள் தாளாகப் பிரித்துக்கொள்கிறார்கள். 11லிருந்து 4 வரை தேர்வுப் பிள்ளைகள், 11 பேர், அதில் பெண்கள் 7. நாலரைக்கு ஒரு கூட்டம் வரும் பாருங்கள், பள்ளிச் சீருடையில் 20க்கு மேல். இதை இத்தனை வருடம் எதிரிலேயே இருந்தும் நான் கவனிக்கவில்லை. படிக்க வரவில்லை அவர்கள். 5.40 பஸ்ஸுக்காக நிற்கிறார்கள். நிழலுக்கு உள்ளே வருகிறார்கள், சத்தம் போடுகிறார்கள், வெளியே விரட்டப்படுகிறார்கள். மறுநாளும் வருகிறார்கள்.

இவர்களைத் தவிர, புத்தகம் எடுக்க வந்த பெண்கள் 6 நாளில் 9 பேர். 8 பேர் வீட்டு ஆண்களின் அட்டைக்குப் புத்தகம் மாற்ற வந்தவர்கள். ஒருவரிடம், "உங்களுக்கு என்று எடுத்துக்கொள்ளுங்களேன்" என்றேன். "எனக்கு அட்டை இல்லையே" என்றார். உறுப்பினர் படிவத்தை என் கடையில்தான் இலவசமாக அடித்துக் கொடுத்தேன்.

கழிப்பறைச் சாவி நூலகர் மேசை இழுப்பறையில் இருக்கிறது. கேட்டதும் கொடுத்துவிட்டார். தாழ்ப்பாள் மாற்ற 140 ரூபாய் ஆனது.

முன்னாள் நூலகர்:

அந்த நாலரை மணிக் கூட்டம்தான் அம்மா உங்கள் வாசகர் வட்டம். சனிக்கிழமையைக்கூட அப்புறம் பார்க்கலாம். புதன்கிழமை நாலே முக்காலிலிருந்து அஞ்சு மணி இருபது வரை, பஸ்ஸுக்கு முன் 35 நிமிடம். கதையைப் பாதியில் நிறுத்துங்கள். மீதி அடுத்த புதன்.

குரூப் 4 மூன்றாம் முறை:

அக்கா, நான் உங்கள் ஊர் இல்லை, ஆனால் ஒரு யோசனை. எங்களைத் தொந்தரவாக நினைக்காமல் வேலை கொடுங்கள். நாங்கள் ஒவ்வொருவரும் 30, 40 ஆன்லைன் விண்ணப்பம் போட்டவர்கள். சான்றிதழ், புகைப்பட அளவு, கையெழுத்து ஸ்கேன் எல்லாம் அத்துப்படி. வாரத்தில் ஒரு நாள் ஒரு மணி நேரம் மேசை போட்டு, படிவம் புரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்கிறோம். உதவித்தொகை, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, பேங்க் கடிதம் எதுவானாலும். வாசிக்கிற இடம் என்றால் இதுவும் வாசிப்புதானே? பதிலுக்கு மாதம் ஒருமுறை, தேர்வு எழுதி வேலைக்குப் போனவர் ஒருவரைக் கூட்டி வந்து எங்களிடம் பேச வையுங்கள். மைக் இல்லாமல்.

ரெண்டு பிள்ளை அம்மா:

இது நல்ல யோசனை தம்பி. காலையில் பேப்பர் படிக்கிற தாத்தாக்களுக்கு ஓடிபி கேட்டு வரும் மோசடி ஃபோன் பற்றி யாராவது பேசினால் கேட்பார்கள். என் மாமனார் ஒருமுறை 8000 ரூபாய் விட்டார். ஓய்வு பெற்ற பேங்க்காரர் யாராவது ஊரில் இருப்பார். ஆனால் காலை பத்து மணிக்கு, அவர்கள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சிலேயே. சாயங்காலம் வரச் சொன்னால் வர மாட்டார்கள்.

தேன்தமிழ்த் தொண்டன்:

எல்லாம் சரி. இதில் இலக்கியம் எங்கே இருக்கிறது? ஈ-சேவை மையமும் பாலர் பள்ளியும் நடத்தவா நூலகம்?

முன்னாள் நூலகர்:

தொண்டன் அவர்களே, கோபப்படாமல் கேளுங்கள். ரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். உங்களுக்கான நூல் கம்பனாக இருக்கலாம். ஒரு பாட்டிக்கு அவளுடைய நூல், அவளுக்கு வந்த ஒரு பக்கக் கடிதம்.

அப்புறம் ஒன்று கேட்கிறேன். உங்களுக்குக் கதை சொல்ல வருமா? கம்பராமாயணத்தில் குகன் படகை, பஸ் வருவதற்குள், ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும்படி சொல்ல முடியுமா?

தேன்தமிழ்த் தொண்டன்:

முடியும். ஏன் முடியாது?

வடவாறு:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். கடையில் அட்மிஷன் சீசன்.

புதன் கதை நான்கு முறை நடந்தது. முதல் வாரம் நான் சொன்னேன், சொதப்பல். கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு வாசித்தேன். பின்வரிசைப் பையன்கள் 5.40 பஸ்ஸை 5 மணிக்கே தேட ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டாவது வாரம் மின்சாரம் போனது. உள்ளே புழுக்கம் தாங்காமல் வாசல் படிக்கட்டில் உட்கார வைத்து, புத்தகம் இல்லாமல், எங்கள் ஆத்தா சொன்ன முனிக் கதையைச் சொன்னேன். பஸ்ஸுக்குக் காத்திருந்த பெரியவர்களும் பக்கத்தில் வந்து நின்றார்கள். பஸ் வந்தபோது முனி புளியமரத்தில் பாதி ஏறியிருந்தது. மறுநாள் காலை இரண்டு பிள்ளைகள் கடைக்கு வந்து, "அது ஏறிச்சா இல்லையா" என்று கேட்டார்கள். அதிலிருந்து படிக்கட்டுதான். சிங்கப்பூர் அக்கா சொன்னபடி வாசலில் ஒரு ஸ்டூலில் 12 புத்தகம் அடுக்குகிறோம். நூலகர் முதலில் "தொலைந்தால் நான்தான் பதில் சொல்ல வேண்டும்" என்று பயந்தார், நியாயம்தான். இதுவரை ஒன்று திரும்பவில்லை. ஒன்று அட்டை கிழிந்து, சோற்றுப் பசையில் ஒட்டி வந்தது. புது உறுப்பினர் 17 பேர்.

படிவ மேசை எதிர்பார்த்தபடி போகவில்லை. அறிவிப்பை நூலகக் கதவில் ஒட்டியிருந்தேன். முதல் வாரம் ஒருவரும் வரவில்லை. கதவைப் பார்க்கிறவர்கள் ஏற்கெனவே படிக்கத் தெரிந்தவர்கள் என்பது எனக்கு உறைக்கவே ஒரு வாரம் ஆனது. ரேஷன் கடை வரிசையில் வாயால் சொன்ன பிறகு 8 பேர் வந்தார்கள். எங்கள் தேர்வுப் பிள்ளைகளில் ஒரு பெண் எழுதிக் கொடுக்கிறாள். ஓடிபி பேச்சு இன்னும் நடக்கவில்லை, பேங்க் சார் பேரன் காதுகுத்துக்குப் போயிருக்கிறார்.

இலக்கியக் கூட்டத்தை நிறுத்தவில்லை. மைக், மேடை, பொன்னாடை இல்லாமல் மாதம் ஒரு ஞாயிறு மாலை வட்டமாக உட்கார்ந்து ஒரு சிறுகதை. போன முறை 9 பேர். சுண்டல் அளவாக வாங்கினேன்.

தேன்தமிழ்த் தொண்டன்:

9 பேரும் கதையைப் படித்துவிட்டு வந்தார்களா?

வடவாறு:

7 பேர் ஐயா. ஒருவர் பாதி. நான் அட்டையை மட்டும்.

ஐயா, நீங்கள் நீடாமங்கலம் பக்கம் என்று வேறு ஒரு இழையில் படித்தேன். குகன் படகு பாக்கி இருக்கிறது. புதன்கிழமை நாலரைக்கு வந்தால் போதும். பஸ் ஸ்டாப்பிலிருந்து பார்த்தாலே படிக்கட்டு தெரியும்.

இன்னொரு விஷயம்: படிக்கட்டு வெயிலில் சுடுகிறது. யாரிடமாவது பழைய ஜமக்காளம் இருந்தால் சொல்லுங்கள், 20 பிள்ளைகள் உட்காருகிற அளவு. கிழிசலாக இருந்தாலும் பரவாயில்லை, பக்கத்துத் தையல் கடையில் தைத்துக்கொள்கிறேன்.

தேன்தமிழ்த் தொண்டன்:

வீட்டில் ஒன்று இருக்கிறது. கல்யாண ஜமக்காளம், பவானி. புதன்கிழமை கொண்டு வருகிறேன்.